வைரமும் மாற்று மணிகளும்: தமிழர் அணிகலன் மரபில் கல் தெரிவும் கல் சோதனையும்

ஆய்வுச் சுருக்கம்

அணிகலனுக்கு வைரத்தைத் தெரிவதா, பிற மணிகளைத் தெரிவதா என்னும் வினா இன்று பெரும்பாலும் விலையை ஒட்டியும், உண்மை, போலி என்னும் இருமையை ஒட்டியும் பேசப்படுகிறது. தமிழ்ச் சூழலில் இவ்வினாவுக்கு நீண்ட வரலாறு உண்டு. சிலப்பதிகாரம், தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், தென்னாப்பிரிக்க வைரங்களின் வருகை, பர்மா மாணிக்கத்துக்குப் போட்டியாக வந்த செயற்கைச் சிவப்புக்கல், திருச்சிராப்பள்ளியின் செயற்கைக்கல் தொழில், அண்மைய ஆய்வக வைரம் ஆகியவற்றை இக்கட்டுரை வரிசையாக நோக்குகிறது. வைரத்தின் தனி முதன்மை தமிழர் அணிகலன் மரபில் பிற்காலத்தது என்பதும், மரபின் மையச் சிக்கல் கல்லின் வகை அன்று, கல்லை அறிந்து சொல்லும் உரிமை யாரிடம் இருந்தது என்பதே என்பதும் இதன் கருதுகோள்கள்.

திறவுச்சொற்கள்: வைரம், மாணிக்கம், கெம்பு, ஜாகர், செயற்கைக்கல், தஞ்சைக் கல்வெட்டு, திருச்சிராப்பள்ளி, ஆய்வக வைரம்.

முன்னுரை

தமிழில் ‘வயிரம்’ என்னும் சொல் வடமொழி ‘வஜ்ரம்’ பிராகிருத வழியே திரிந்து வந்த வடிவம். அதே ஒலியுடைய மற்றொரு சொல் பகையைக் குறிக்கும். மரத்தின் முற்றிய நடுப்பகுதியையும் ‘வைரம் பாய்ந்தது’ என்கிறோம். கடினம் என்னும் பொருளே இவ்வழக்கில் மேலோங்கி நிற்கிறது. ஒளி பின்னுக்குப் போய்விடுகிறது. ‘மணி’ என்னும் சொல்லோ ஒளியையும் நிறத்தையும் சுட்டி வந்தது. சங்கப் பாடல்களில் மணிநிறம் என்பது பெரிதும் நீலத்தைக் குறித்து, மாயோனுக்கு உவமையாக நின்றது. மக்கட்பெயர்களிலும் மாணிக்கம், முத்து, மரகதம், பவளம், இரத்தினம் என்பன தனித்து வழங்க, வைரம் பெரும்பாலும் வைரமுத்து என முத்தோடு சேர்ந்தே வருகிறது. (வைரவன் என்னும் பெயரை இக்கணக்கில் சேர்த்தல் ஆகாது, அது பைரவன் என்பதன் திரிபு.) பெயர் வழக்கை மட்டும் கொண்டு வரலாறு எழுத இயலாது, எனினும் வைரம் எக்காலத்தும் மணிகளின் தலைமை பெற்றிருந்தது என்ற எளிய முடிவை ஐயுற இது போதுமான தொடக்கம்.

மணிகளின் தரவரிசை நூலுக்கு நூல் மாறியிருக்கிறது. இரத்தின பரீட்சை பற்றிய வடமொழி நூல்கள் பல வைரத்திலிருந்து தொடங்குகின்றன. அவற்றுக்கு முற்பட்ட கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமோ கருவூலத்துக்குரிய இரத்தினங்களைச் சொல்லுமிடத்தில் முத்தை முதலில் வைக்கிறது. தாமிரபரணியிலும் பாண்டிய கவாடத்திலும் கிடைப்பவை அங்கு தொடக்கத்திலேயே இடம்பெறுகின்றன. அதன்பின் மணி, அதன்பின் வைரம், அதன்பின் பவளம். வடபுலத்துக் கருவூலக் கண்ணில் தென்புலம் முத்தின் நாடாகவே தெரிந்தது.

சிலம்பின் உள்ளிருந்த கல்

கல் தெரிவைக் கதையின் திருப்புமுனையாக்கிய தமிழ்க் காப்பியம் சிலப்பதிகாரம். கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல், கோப்பெருந்தேவியின் சிலம்பில் முத்துப் பரல். புறத்தே இரண்டும் பொன். வேறுபாடு முழுவதும் மூடிய பொன்னுக்குள் இருந்தது. இக்காட்சியைக் கற்பின் வெற்றியாகவும் ஊழின் வலியாகவும் விளக்கிய ஆய்வுகள் பல. அணிகலன் வரலாற்றின் நோக்கில் இதனை ஒரு சோதனை நிகழ்வாகவும் படிக்கலாம். மன்னன் முதலில் கேட்டது பொற்கொல்லன் சொல்லை. சிலம்பைத் திறந்து பார்க்கவில்லை. அரசியின் சிலம்பைப் பல நாள் கையாண்ட தொழிலறிஞன் அவன் என்பதால் அவன் சொல்லே சான்றாயிற்று. கொலைக்குப் பின்னரே சிலம்பு உடைக்கப்பட்டது.

இதே காப்பியத்தின் ஊர்காண் காதை மதுரையின் மணிக்கடைத் தெருவைக் காட்டுகிறது. வைரத்துக்குக் காகபாதம், களங்கம், விந்து, கீற்று என்னும் நான்கு குற்றங்களையும், நால்வகை நிறப்பாகுபாட்டையும் இளங்கோவடிகள் அறிந்து கூறுகிறார். மரகதத்துக்கும் பதுமராகத்துக்கும் அவ்வாறே குணங்குற்றங்கள் வருகின்றன. தோற்றத்தால் ஒன்றாகி வனப்பால் ஐந்தாக வேறுபடும் மணிகள் என்றொரு தொகுப்பும் அங்கு உண்டு. மாணிக்கமும் நீலமும் ஒரே கனிமமான குருந்தத்தின் நிறவேறுபாடுகள் என்பது இன்றைய கனிமவியல். அவ்வறிவை அப்படியே காப்பியத்தின் மேல் ஏற்றுவது மிகை. ஆனால் நிறத்தை மட்டும் கொண்டு மணியைப் பிரிக்கலாகாது என்ற உணர்வு அத்தெருவில் இருந்தது என்னும் அளவுக்குச் சொல்லலாம்.

கோவலன் அத்தெருவைக் கண்டு வந்தவன். குற்றம் அறிந்து விற்கும் வணிகர் தெரு இருந்த அதே நகரில், எவரையும் கேளாமல் ஒருவன் சொல்லை நம்பி அவன் கொல்லப்பட்டான். அறிவு நகரில் இருந்தது; அது அரண்மனை வாயிலைக் கடந்து செல்லவில்லை.

குற்றத்தையும் கல்லில் வெட்டிய சோழர் ஆவணம்

கல்லின் குறையை மறைக்காமல் எழுதிவைக்கும் வழக்குக்குத் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளே நம்மிடமுள்ள மிகச்சிறந்த சான்று. முதலாம் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் பிறரும் அளித்த அணிகலன்களின் பட்டியல் அங்கு வெட்டப்பட்டுள்ளது. ஹுல்ச் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதி வழியே இவை ஆய்வுலகுக்கு அறிமுகமாயின. அரசியல், சமூக வரலாற்றுக்கு இவை மிகுதியும் பயன்பட்டுள்ளன; மணியியல் ஆவணமாக அதே அளவு படிக்கப்பட்டன என்று கூற முடியவில்லை.

இவ்வாவணத்தின் நுட்பம் வியப்புக்குரியது. பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்னும் கல். மணிகளை நிறுக்கத் தக்ஷிணமேருவிடங்கன் என்னும் கல். எடை கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என இறங்கிக்கொண்டே போகிறது; 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு, 2 குன்றி ஒரு மஞ்சாடி. ஓர் அணியின் எடையில் கோத்த சரடு சேர்ந்ததா நீங்கியதா, கல்லைப் பதித்த அரக்கு சேர்ந்ததா என்பதும் குறிக்கப்படுகிறது. இறுதியில் காசு மதிப்பு.

மணிகளின் வகைப்பாடு இதனினும் நுண்ணியது. வைரங்கள் மட்டத்தாரை, சப்படி, உருளை என வடிவத்தால் பிரிக்கப்படுகின்றன. அவற்றுள் பொத்தி உடையன, முறிந்தன, செம்புள்ளியும் கரும்புள்ளியும் உடையன, வெந்தன போன்று வடு உடையன இத்தனை என்பதையும் சேர்த்தே எண்ணிக்கை தரப்படுகிறது. மாணிக்கத்துக்குக் கோமளம், ஹளஹளம் முதலிய வகைகள். முத்துக்கோ வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்போளம், பயிட்டம், சப்பத்தி, சக்கத்து, கறடு எனப் பட்டியல் நீள்கிறது. நீரோட்டத்தைக் குறிக்கக் குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்னும் சொற்களும் உண்டு. மூன்றனுள் மிக விரிவான சொற்றொகுதி முத்துக்கே வாய்த்திருக்கிறது. ஒரு சமூகம் எப்பொருளை மிகக் கூர்ந்து நோக்கியதோ அதற்கே மிகுதியான சொற்களை ஆக்கிக்கொள்ளும் என்று கொண்டால், பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சைக் கருவூலத்தாரின் கண் வைரத்தைக் காட்டிலும் முத்தில் பழகியிருந்தது எனலாம். முத்து மன்னார் வளைகுடாவிலிருந்து வந்தது, வைரம் ஆந்திர நிலத்து ஆற்றுப்படுகைகளிலிருந்து வந்தது என்னும் நில உண்மையும் இதனோடு பொருந்துகிறது.

குறையுள்ள கல்லைக் கோயிலுக்குக் கொடுத்ததாக எழுதுவது கொடையாளரின் பெருமையைக் குறைக்குமே என்று இன்றைய வாசகர் எண்ணக்கூடும். பேரரசனின் பெயரிலேயே அப்படி எழுதினர். பின்னாளில் கல் மாற்றப்பட்டால் கண்டுபிடிக்க உதவும் அடையாளம் அக்குறைதான். புள்ளியுள்ள வைரம் இருந்த இடத்தில் புள்ளியற்ற கண்ணாடி இருந்தால் திருட்டு வெளிப்பட்டுவிடும். இன்று ஆய்வகச் சான்றிதழ்களில் உட்களங்கங்களை வரைபடமாகக் குறிப்பதன் நோக்கமும் இதுவே.

பளிங்கைப் பச்சையாக்கிய கைகள்

மாற்றுக்கல் அண்மைக் காலத்துப் புதுமை அன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய பிளினி, தம் இயற்கை வரலாற்றின் 37ஆம் நூலில், பெரில் என்னும் பச்சைநீலக் கல் இந்தியாவிலிருந்து வருவதைக் கூறுகிறார். பளிங்குக்குச் சாயமேற்றிப் பிற மணிகளை, சிறப்பாகப் பெரிலை, போலச் செய்யும் வழியை இந்தியர் கண்டறிந்துள்ளனர் என்றும் குறிப்பிடுகிறார். காங்கேயத்தை அடுத்த படியூர் பெரில் கிடைத்த இடம். அதற்கு அண்மையில், நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில், 1985 தொடங்கி நிகழ்ந்த அகழாய்வுகளில் பெரில், பளிங்கு, சூதுபவளம், நீலம் முதலிய கற்களின் மணிகளும், முற்றுப்பெறாத நிலையிலிருந்த மணிகளும், செதுக்குக் கழிவுகளும் கிடைத்தன. பதிற்றுப்பத்து சிறப்பிக்கும் கொடுமணம் இதுவே என்பது அறிஞர் கொள்கை. ஒரே பட்டறை நிலத்தில் பெரிலும் பளிங்கும் அருகருகே கிடப்பதைப் பிளினியின் குறிப்போடு வைத்துப் பார்க்கையில், மூலமணியை உருவாக்கிய கைகளே போலியையும் உருவாக்கியிருக்கலாம் என்ற எண்ணம் எழுகிறது. இதனை நிறுவுவதற்குக் கொடுமணல் பளிங்குகளில் சாயத் தடம் தேடும் வேதியியல் ஆய்வு வேண்டும்.

இலங்கையின் தென்கரையிலுள்ள மாத்தறை இதற்கு வேறொரு சான்று. அங்குக் கிடைக்கும் ஜிர்கானைச் சூடேற்றி நிறம் நீக்கினால் அது வைரம் போல ஒளிரும். ஐரோப்பிய வணிகர் இதனை மாத்தறை வைரம் என்றே வழங்கினர். ஜிர்கானின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.92 முதல் 1.98 வரை, வைரத்துக்கு 2.42. இயற்கைக் கற்களுள் வைரத்துக்கு இவ்வளவு நெருங்கி வரும் நிறமற்ற கல் அரிது. ஆனால் இரட்டை விலகல் உடையதாதலின், உருப்பெருக்கியில் அதன் பின்பட்டைகளின் விளிம்புகள் இரண்டிரண்டாகத் தெரியும். இன்று தமிழகக் கடைகளில் ஜிர்கான் என்ற பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் இக்கல் அன்று. சிர்க்கோனியம் ஆக்சைடால் ஆன செயற்கைக்கல். சிலிகேட்டான இயற்கைக்கல் தன் பெயரையே இழந்துவிட்டது.

ஜாகர்: ஒரு சுரங்கத்தின் பெயர் தரமான கதை

உலகின் வைரத் தேவையை நெடுங்காலம் நிறைவு செய்தது கிருட்டிணை, பெண்ணைப் படுகைகளை உள்ளிட்ட இந்திய நிலம். 1720களில் பிரேசிலில் வைரம் வெளிப்பட்டது. 1867இல் தென்னாப்பிரிக்காவிலும், 1871இல் கிம்பர்லியிலும் கண்டெடுக்கப்பட்டபின் நிலைமை முற்றும் மாறியது. அரசர்க்கும் பெருவணிகர்க்கும் உரியதாக இருந்த கல் நடுத்தர வருவாயினரின் காதுக்கும் மூக்குக்கும் எட்டியது இவ்வழங்கல் பெருக்கத்தின் பின்னரே என்று கருத இடமுண்டு. ஏழு கல் தோடு, எட்டுக்கல் பேசரி என ஒரே அளவுடைய சிறு கற்களை ஒரு வட்டத்தில் அமைக்கும் வடிவங்களுக்கு, அளவொத்த கற்கள் ஏராளமாகக் கிடைக்கும் சந்தை இன்றியமையாதது.

இம்மாற்றத்தின் தடம் தமிழ்ச் சொல்லொன்றில் படிந்திருக்கிறது. முந்தைய தலைமுறைப் பெண்கள் நல்ல வைரத்தை ‘ப்ளூ ஜாகர்’ என்பர். கடைக்காரரும் அவ்வாறே சொல்வர். பலர் இதனை ஒரு வணிகக் குறிப்பெயர் என்றோ வெட்டு முறை என்றோ எண்ணுவதுண்டு. தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்சு சுதந்திர நாட்டில் 1870இல் வைரம் வெளிப்பட்ட யாகர்ஸ்ஃபொன்டெயின் சுரங்கத்தின் பெயரே இது. நீலச்சாயல் கலந்த வெண்மைக்கு அச்சுரங்கம் பெயர் பெற்றிருந்ததால், வணிகர் அத்தகைய கல் எங்குக் கிடைத்ததாயினும் ஜாகர் என்றனர். மஞ்சள் கலந்தவற்றைக் கேப் என்றனர். பிற்காலத்தில் ஆங்கில எழுத்துகளால் நிறத்தைத் தரப்படுத்தும் அமெரிக்க முறை பரவியபோது உலக வணிகத்தில் இச்சொற்கள் தேய்ந்தன. சுரங்கமும் 1971இல் மூடப்பட்டது. தமிழ் வீடுகளில் மட்டும் சொல் உயிரோடிருக்கிறது.

ஜாகரின் நீலம் எங்கிருந்து வருகிறது என்பது இங்கு முக்கியம். வைரத்தின் கரிம அணிக்கோப்பில் நைட்ரசன் அணுக்கள் மூன்று ஒரு வெற்றிடத்தைச் சூழ்ந்து அமையும்போது, அவை புறஊதா ஒளியை ஏற்று நீலமாக ஒளிர்கின்றன. பகல் வெளிச்சத்திலுள்ள புறஊதாவே சிலவற்றில் இதற்குப் போதும். அந்நீலம் கல்லின் மெல்லிய மஞ்சளை ஈடுசெய்து வெண்மையைக் கூட்டிக் காட்டும். வாங்குமுன் கல்லை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்ற வீட்டுப் பெரியோரின் அறிவுரை இவ்வியல்போடு நன்கு பொருந்துகிறது. ஆனால் இன்றைய பன்னாட்டுச் சந்தையில் வலுவான நீல ஒளிர்வு குறையாகக் கருதப்பட்டு விலை குறைக்கப்படுகிறது. ஒரே பண்பு ஒரு மரபில் தகுதியாகவும் மற்றொன்றில் தள்ளுபடியாகவும் நிற்கிறது.

பர்மாச் சிவப்பும் அடுப்புச் சிவப்பும்

வைரத்துக்கு வெளியே தமிழ் அணிகலனின் உயிர் நிறம் சிவப்பு. கன்னடத்தில் சிவப்பைக் குறிக்கும் கெம்பு என்னும் சொல்லையே நாம் கல்லுக்குப் பெயராக்கிக்கொண்டோம். மூடிய பொற்கூட்டில் அரக்கிட்டு, கல்லின் அடியில் தகடு வைத்துப் பதிக்கும் முறை தென்னகத்திலும் வழங்கியது. அத்தகடு ஒளியைத் திருப்பி நிறத்தைக் கூட்டும். பட்டை குறைந்த கல்லும் அதனால் எரியும். மாணிக்கத்துக்கு ஏற்ற இம்முறை வைரத்துக்கு அத்துணை ஏற்றதன்று. வைரத்தின் பின்பகுதியை ஒழுங்காகத் தீட்டி, அடிப்புறம் திறந்த அமைப்பில் வைத்தால்தான் அது தன் ஒளியைத் தானே திருப்பும். திறந்த அமைப்பின் பரவலும் வைரத்தின் பரவலும் ஒன்றையொன்று ஊக்கின என்பது என் கருத்து.

மோகோக்கின் மாணிக்கச் சுரங்கங்கள் 1886இல் மேல் பர்மா பிரித்தானிய ஆட்சிக்குட்பட்டபின் அயலவர் கைக்கு மாறின; 1889இல் பர்மா மாணிக்கச் சுரங்க நிறுவனம் தொடங்கியது. நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மாவில் கொடுக்கல் வாங்கலில் முன்னின்ற காலம் அது. இக்காலத்திலேயே பாரிசில் ஆகுஸ்த் வெர்னாய் அலுமினா தூளை ஆக்சிசன் ஹைட்ரசன் சுடரினூடே பொழிந்து, சற்றொப்ப 2050 பாகை செல்சியசில் உருகச்செய்து, சிறு தண்டின்மேல் துளித்துளியாகப் படியவைத்து மாணிக்கத்தை வளர்க்கும் வழியைக் கண்டார். 1902இல் அதனை வெளியிட்டார். சிறிதளவு குரோமியம் சேர்த்தால் சிவப்பு; சில ஆண்டுகளில் இரும்பும் டைட்டானியமும் சேர்த்து நீலமும் வந்தது. மாணிக்கச் சந்தையின் நம்பிக்கை தளர்ந்தது. பர்மா நிறுவனம் 1925இல் தன்னைக் கலைத்துக்கொள்ள முடிவு செய்து, 1931இல் குத்தகையைத் திருப்பிக் கொடுத்தது. செயற்கை மாணிக்கம் மட்டுமே இதற்குக் காரணம் என்பதற்கில்லை. வெள்ளம், சுரங்கச் செலவு, போர் ஆகியவையும் உண்டு.

வெர்னாய் கல்லைப் போலி என்பது வேதியியல் நோக்கில் பிழை. அது குருந்தமே, கடினம், அடர்த்தி, ஒளிவிலகல் அனைத்தும் மாணிக்கத்துடையவையே. கண்ணாடியைக் கண்டுபிடித்த பழைய சோதனைகள் இதனிடம் தோற்றன. உருப்பெருக்கியில் தெரியும் வளைந்த வளர்ச்சிக் கோடுகளும் காற்றுக் குமிழ்களும் மட்டுமே அதனைக் காட்டிக்கொடுக்கும். இயற்கை மாணிக்கத்தின் வளர்ச்சிக் கோடுகள் நேரானவை. அதற்குப் பயிற்சியும் கருவியும் வேண்டும். அறியும் உரிமை இவ்விடத்தில் ஆசாரியின் கையிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு நகரத் தொடங்கியது. நகையை வைத்திருந்த பெண்ணிடம் அவ்வுரிமை அதற்கு முன்பும் இருக்கவில்லை. மூடிய அமைப்பில் கல்லின் அடிப்புறம் தெரியாது. கூட்டைப் பிரித்தால்தான் உண்மை தெரியும், பிரித்தால் நகை கெடும்.

நடனத்தோடும் கோயிலோடும் தொடர்புடைய நாகர்கோவில் வடசேரியின் கோயில் நகைகள் இச்சிக்கலை எளிதாகக் கடந்தன. மேடையின் விளக்கொளியில் வேண்டுவது சிவப்பின் பரப்பே. வெள்ளியின் மேல் பொற்றகடும் செயற்கைக் கெம்பும் கொண்ட இவ்வணிகள் புவிசார் குறியீடு பெற்றிருக்கின்றன. ஏமாற்று எதுவும் இல்லாத மாற்றுக்கல் மரபு இது; வாங்குபவரும் விற்பவரும் ஒரே பெயரால் ஒரே பொருளைக் குறிக்கின்றனர்.

திருச்சியின் சாணை

இருபதாம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளியும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களும் செயற்கைக்கல் பட்டை தீட்டும் தொழிலின் இருப்பிடமாயின. மேட்டுப்பாளையத்தில் சுவிஸ் கூட்டுறவோடு செயற்கை மணிக்கற்களை உருவாக்கும் ஆலையொன்றும் இயங்கியது. குடிசைத் தொழிலாக நடந்த இவ்வேலையில் கல்லை அளவாக அறுத்து, கோலின் நுனியில் அரக்கால் ஒட்டி, சுழலும் தட்டில் பட்டை பட்டையாகத் தீட்டுவர். கோணம் தவறினால் ஒளி அடிவழியே ஒழுகிவிடும். வைரத்தின் வடிவத்தைப் போலச் செய்தாலும் கோணங்களை அப்படியே எடுத்தல் இயலாது. விலகல் எண் குறைந்த கல்லுக்கு அடிப்புறக் கோணம் வேறு.

தொடக்கத்தில் வைரத்துக்கு மாற்றாக நின்றவை நிறமற்ற செயற்கை நீலக்கல்லும் ஸ்பைனலும். அவற்றின் விலகல் எண்கள் 1.77, 1.73 அளவிலேயே நின்றதால் ஒளி மந்தமாயிருந்தது. 1970களில் சோவியத் நாட்டின் லெபதேவ் இயற்பியல் நிறுவனத்தில் கன சிர்க்கோனியா வளர்க்கும் முறை செம்மையுற்று, 1976 முதல் பெருமளவில் சந்தைக்கு வந்தது. விலகல் எண் 2.15க்கு மேல், ஒளிச்சிதறல் வைரத்தைக் காட்டிலும் மிகுதி. சோவியத் ஆய்வுக்கூடத்தில் உருப்பெற்ற இக்கல் நம் ஊர்களில் அமெரிக்கன் டைமண்ட் என்று பெயர் பெற்றது பனிப்போர் வரலாற்றாசிரியர்களின் பார்வைக்குத் தப்பிய நகைமுரண்.

திருச்சித் தொழிலின் வீழ்ச்சி பின்னர் வந்தது. சீனத்தின் குவாங்சி பகுதியிலுள்ள வுசோ நகரம் இயந்திரங்களால் தீட்டிய கற்களை மிகக் குறைந்த விலைக்கு அனுப்பத் தொடங்கியபின், கைச்சாணையால் ஈடுகொடுக்க இயலவில்லை. இத்தொழிலாளர் வரலாறு இன்னும் எழுதப்படவில்லை. நெசவு, தோல், தீப்பெட்டித் தொழிலாளர் குறித்து நம் பல்கலைக்கழகங்களில் ஆய்வேடுகள் உள்ள அளவுக்குச் சாணைத் தொழிலாளர் குறித்து இல்லை. போலிப் பொருளைச் செய்தவர் என்ற எண்ணம் ஆய்வாளரின் தெரிவையும் பாதித்திருக்குமோ என்று ஐயுறுகிறேன். அவர்கள் தீட்டிய கல்லை அவர்கள் எவரும் வைரம் என்று விற்கவில்லை. பெயர் மாறியது கடையில்.

பெயரிடும் உரிமை

அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1955இல் வைரச் செயலாக்கத்தை அறிவித்தது. 1970இல் அணிகலனுக்குத் தகுந்த கற்களையும் உருவாக்கியது. மிகு அழுத்தம், மிகு வெப்பம் கொண்ட அம்முறையோடு, மீத்தேன் வளிமத்திலிருந்து கரிமத்தை ஆவிப்படிவாக வளர்க்கும் முறையும் இன்று வழக்கில் உள்ளது. இந்திய ஒன்றிய அரசின் 2023-24 வரவுசெலவுத் திட்டம் ஆய்வக வைர ஆராய்ச்சிக்கு ஐந்தாண்டு நிதியுதவியை அறிவித்தது; சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு இதற்கென 242.96 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. கொடுமணலும் திருச்சியும் இருந்த மாநிலத்துக்கு மணியாக்கம் மீண்டும் வந்து சேர்ந்திருக்கிறது.

இக்கல்லுக்கு என்ன பெயர் என்பதில் உலகம் ஒன்றுபடவில்லை. 2015இல் வெளியான பன்னாட்டுத் தரநிலை ஆவணம் அடைமொழியற்ற வைரம் என்னும் சொல்லை இயற்கைக் கல்லுக்கே உரியதாக்கியது. 2018இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் வைரம் என்பதன் வரையறையிலிருந்து இயற்கை என்னும் சொல்லை நீக்கியது. ஆயினும் ஆய்வகத்தில் வளர்ந்ததைத் தெளிவாக அறிவிக்க வேண்டும் என்றது. தமிழ் விளம்பரங்களில் ஆய்வக வைரம், மாய்சனைட், கன சிர்க்கோனியா மூன்றும் சில வேளைகளில் வைரம் என்னும் ஒரே சொல்லின் நிழலில் நிற்கின்றன. இவை ஒன்றல்ல. ஆய்வக வைரம் எல்லாப் பண்பிலும் வைரமே. மாய்சனைட் சிலிக்கான் கார்பைடு, கடினம் 9.25, விலகல் எண் வைரத்தினும் உயர்ந்து 2.65ஐத் தொடும், இரட்டை விலகலும் உண்டு. வெப்பக் கடத்தலை மட்டும் அளக்கும் கைக்கருவி மாய்சனைட்டையும் வைரம் என்றே காட்டும்.

குடும்பப் பொருளியலில் இதன் விளைவு சிறிதன்று. அடகுக்கு நகையைக் கொண்டுசெல்லும்போது வங்கி பொன்னின் எடையை மட்டுமே மதிக்கிறது. கல்லின் எடையைக் கழித்துவிடுகிறது. மருத்துவச் செலவுக்கோ கல்விக் கட்டணத்துக்கோ அவசரமாகப் பணம் வேண்டும் பெண்ணுக்கு, நகையின் விலையில் பெரும்பகுதியைக் கொண்ட கல் அந்நேரத்தில் எடையற்றதாகிறது. ஆய்வக வைரத்தின் விலை உற்பத்தி பெருகப் பெருக வீழ்ந்துகொண்டே இருப்பதால், மறுவிற்பனையை எண்ணி அதனை வாங்குவது தவறு. அழகுக்கு வாங்குவதில் தவறில்லை. பொன்னைச் சேமிப்பாகவும் கல்லை அழகாகவும் பிரித்துப் பார்ப்பது, கழஞ்சையும் காசையும் பிரித்து எழுதிய தஞ்சைக் கணக்கரின் முறைக்கு அயலானதன்று.

இயற்கையையும் ஆய்வகத்தையும் பிரித்தறியும் சோதனையில் நைட்ரசன் மீண்டும் வருகிறது. இயற்கை வைரங்களுள் மிகப்பெரும்பாலானவை நைட்ரசன் உடையவை. நிலத்தின் ஆழத்தில் நெடுங்காலம் வெப்பத்தில் கிடந்ததால் அந்த அணுக்கள் நகர்ந்து கூட்டமாகியிருக்கும். ஆவிப்படிவு முறையில் சில வாரங்களில் வளர்ந்த கல்லுக்கு அக்காலம் வாய்ப்பதில்லை. அதில் நைட்ரசன் பெரும்பாலும் இல்லை எனலாம். கோல்கொண்டாவின் புகழ்பெற்ற தூய கற்களும் நைட்ரசன் அற்ற இதே வகையைச் சேர்ந்தவை என்பதால், தூய்மை இன்று இயற்கைக்குச் சான்றாவதில்லை. ஆய்வுக்கு அனுப்ப வேண்டிய ஐயமாகிறது. மாறாக, பகலொளியில் நீலம் காட்டிய பழைய ஜாகர் தோட்டின் மூன்று நைட்ரசன் மையம், நிறமாலைமானியில் 415 நானோமீட்டரில் ஒரு கோடாகத் தெரியும். அக்கோடு இயற்கைத் தோற்றத்துக்கு ஆய்வகங்கள் ஏற்கும் சான்றுகளுள் ஒன்று. பழைய தோட்டைக் கொடுத்துப் புதியது வாங்கும் இன்றைய வழக்கில், தரவரிசைப் பட்டியலை வைத்து ஒளிர்வுக் குறை என்று விலை குறைத்து எடுத்துக்கொள்ளப்படுவது இக்கல்தான்.